ஐம்பத்திரண்டு கிலோ

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஐம்பத்திரண்டு கிலோ.
தேவகோட்டை ரஸ்தாவுக்குத் தெற்கே
நாலு வருஷமாகச் சமத்துவம் நிலவுகிறது.
மூன்று வயது ஷிபானா ஐம்பத்திரண்டு.
தூக்கி வந்த அவள் அத்தா ஐம்பத்திரண்டு.
தூக்கிக்கொண்டே ஏறினாலும்
ஐம்பத்திரண்டுதான்.

எடை மெஷின் பழுது என்று பதினோரு கடிதம் எழுதினேன்.
ஒரு பதில் வந்தது:
இயந்திரத்தின் வரிசை எண் தெளிவாக இல்லை.

பக்கத்து அறையில் ஸ்கேன் மெஷின் இருக்கிறது.
பினாங்கில் சம்பாதித்த குடும்பத்தின் உபயம்.
கிரானைட் கல்லில் நாலு தலைமுறைப் பெயர் வெட்டி
மெஷினைவிட ஓரடி உயரமாக நட்டிருக்கிறார்கள்.
இயக்க ஆள் வேண்டுமே என்றேன்.
"ஆளை உபயம் செய்யுற வழக்கம் இல்லீங்களே"
என்றார் அவர்கள் கணக்குப்பிள்ளை, உண்மையான வருத்தத்தோடு.
ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறேன்.
வயிற்றுக்குள் என்ன என்று
அது சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

காரைக்குடி ஸ்கேன் சென்டரிலிருந்து
தீபாவளிக்கு வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்று வந்தது.
திருப்பி அனுப்பினேன்.
அடுத்த வருஷம் இரண்டாக வந்தது.
என் நேர்மைக்கு விலை ஏறுகிறது என்று
வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

முழு ஆவணங்களோடு வந்த ஒரே நோயாளி அடைக்கன்.
கடித்த பாம்பையும் அடித்து எடுத்து வந்தார்,
ஜவுளிக்கடைப் பையில்:
'நன்றி, மீண்டும் வருக.'
பிழைத்துக்கொண்டார்.
காப்பீட்டு அலுவலகம் கேட்டது: பாம்பு கடித்ததற்கு ஆதாரம்?
படம் அனுப்பினேன்.
நோயாளியும் பாம்பும் ஒரே படத்தில் இல்லை என்றது.

இதையெல்லாம் கல்யாண வீடுகளில் சொல்வேன்,
பந்தியில் பக்கத்து இலைக்காரர் புரையேறச் சிரிப்பார்.
சொல்லாதது ஒன்று உண்டு.

கொத்தனார் செவந்தியப்பன், நாற்பத்தாறு வயது, நெஞ்சுவலி.
ஈசிஜி மெஷினில் காகிதம் தீர்ந்திருந்தது.
'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்' என்று எழுதினேன்.
எங்கள் தொழிலின் மிக அழகான வாக்கியம் அது,
முற்றுப்புள்ளி வைத்ததும்
நோயாளி நம்முடையவர் இல்லை.
அடுத்த ஆஸ்பத்திரியில் மருந்தளவுக்கு எடை பார்த்தார்கள்.
சீட்டில் ஐம்பத்திரண்டு. ஆள் எண்பதுக்குக் குறையாது.
சீட்டைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள்,
அதே சீட்டில் என் வரிக்குக் கீழே
'மேல் சிகிச்சைக்கு' என்று யாரோ எழுதினார்கள்.
மதுரை போகிற வழியில்
மேலூரில் நின்றது.
வண்டி இல்லை.

டாக்டர் எழுத்து ஒருவருக்கும் புரியாது என்பார்கள்.
அந்த எண்ணை மட்டும்
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல
குண்டு குண்டாக எழுதியிருக்கிறேன்.

போன வாரம் ஆய்வுக்கு அதிகாரி வந்தார்.
இளநீர் குடித்தார். இன்னொன்றும் குடித்தார்.
ஏப்பத்தோடு எடை மெஷினில் ஏறினார்.
ஐம்பத்திரண்டு.
"நடைப்பயிற்சி போறேன்ல" என்றார் கூட வந்தவர்களிடம்.
பதிவேட்டில் பச்சை மையால்:
நல்ல நிலையில் உள்ளது.

இப்போதெல்லாம் பிள்ளைகளை
எதிர்த்த சோலையப்பன் மளிகைக்கு அனுப்புகிறேன்.
அரிசி நிறுக்கும் தராசு,
வருஷா வருஷம் முத்திரை குத்தியது.
குத்தாவிட்டால் அவருக்கு அபராதம்,
எனக்கு ஒன்றுமில்லை.
துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புகிறார்:
ஷிபானா, பதினொன்று எழுநூறு.
கீழே பென்சிலில் இன்னொரு வரி:
'புள்ளை ஆடுச்சு. நூறு முன்னப்பின்ன இருக்கும்.'

இருபத்தோரு வருஷ உத்தியோகத்தில்
இப்படி ஒரு வரியை எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை.
ஷிபானாவின் ஃபைலில் அதை முதல் பக்கமாக வைத்திருக்கிறேன்.
பின்பக்கம்
அவள் அத்தாவின் பருப்புப் பாக்கி.