மணி அடிக்கும்வரை

குத்தாயிசியில் எங்கள் பள்ளிக்கு
எட்டு மடிக்கணினி, பதினேழு பேர்.
ஒரு நாற்காலிக்கு இரண்டு பேராக
பாதி தொங்கிக்கொண்டுதான்
நிரல் படித்தோம்.

கூட்டல் கழித்தல் எதுவும் கேட்கவில்லை
இர்மா டீச்சர்.
'அறுபது என்று தட்டுங்கள்.'
ஒரு சுரம் வந்தது.
அறுபத்திரண்டு. பக்கத்துச் சுரம்.
'இனி உங்கள் செல்பேசி எண்ணைப் பாட விடுங்கள்.'
நுக்ரியின் எண் கல்யாண வீட்டுக்கே போகலாம்.
என்னுடையது
மாடிப்படியில் உருண்ட சட்டி.

இரண்டாம் வாரம் சுழல்.
திரும்பத் திரும்ப வா என்று எழுதினேன்,
நடுவே 'பொறு' என்று எழுத மறந்தேன்.
எல்லாச் சுரமும் ஒரே நொடியில்
கதவுக்கு ஓடி வந்து
நெரிசலில் மாட்டிக்கொண்டன.
திரை உறைந்துபோக
விசிறி மட்டும் அலறியது.
மௌனத்தையும் எழுத வேண்டும்,
அரை நொடியா கால் நொடியா என்று
அளந்து எழுத வேண்டும்.
இல்லாவிட்டால் அதற்கு
மூச்சு விடத் தெரியாது.

தம்தா ஏழு தட்டுக்கு ஒரு சுற்று.
நான் எட்டுக்கு.
ஐம்பத்தாறு தட்டு கழிந்தால்
இருவரும் ஒரே வாசற்படியில் கால் வைப்போம்.
அதுவரை தெருச் சண்டை.
'யாராவது விட்டுக்கொடுங்களேன்' என்றான் நுக்ரி.
நாங்கள் விடவில்லை.
திருத்த வந்த டீச்சர்
நாற்பது தட்டுவரை நின்று கேட்டார்,
பேனாவை மூடிக்கொண்டு போனார்.
அந்தப் பிழை
அப்படித்தான் பிழைத்தது.

ஆனால் எப்படி முடிப்பது?
சுழல் தானாக நிற்காது.
தம்தா சொன்னாள்: பள்ளி மணி.
மூன்று பத்துக்கு அது அடிக்கும்,
மைக் கேட்கும், நிரல் நிற்கும்.
மணியைப் பதிவுசெய்து அளந்தோம்.
அறுபத்தொன்பதரை.
எந்தப் பியானோவிலும் இல்லாத கட்டை.
'அது கேட்டால் நில்.'
அந்த வரியை எழுதியது நான்.

பிப்ரவரி, கடைசி வெள்ளி.
மலைப்பக்கம் பனி விழுந்து
எங்கோ கம்பி அறுந்தது.
விளக்கு போயிற்று, கணப்பு போயிற்று,
கணினி மட்டும் பேட்டரியில்
ஏழுக்கும் எட்டுக்கும் பஞ்சாயத்து செய்துகொண்டிருந்தது.
மூன்று பத்து.
மூன்று பதினைந்து.
மின்சாரம் இல்லாமல் மணி ஏது?
பள்ளி முழுவதும்
கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
'நிறுத்து பொத்தானை அழுத்தித் தொலை' என்றார்கள்.
'அதற்கு நாம் கொடுத்த வாக்கு அதுவல்ல'
என்றாள் தம்தா.
பதினொரு சதவீதம்.

கணப்பின் சூட்டுக்காகவே வகுப்புக்கு வரும் ஸுராப்
கேலியாகத்தான் தொடங்கினான்,
மூக்கால் ஒரு மணிச்சத்தம்.
கொஞ்சம் மேலே போனான். கீழே வந்தான்.
எங்கள் ஊரில் ஒரு குரலைத்
தனியே நிற்க விடுவது மரியாதை இல்லை.
நுக்ரி அடிக்குரல் பிடித்தான்.
யாரோ நடுக்குரல்.
பதினாறு வாய் ஆவி விட்டது குளிரில்.

கணினி கண்டுகொள்ளவில்லை.
அதற்கு வேண்டியது ஒரே ஒரு சுரம்,
நாங்கள் கொடுத்தது மூன்று.
'கீழ்க்குரலை விடுங்கடா' என்று கத்தினேன்.
ஒருவரும் விடவில்லை.
ஆறு சதவீதம்.
ஓடுகிற நிரலைத் திறந்து,
விறைத்த விரலால்,
'அது கேட்டால்' என்பதை அழித்து
'கேட்பவற்றுள் அதுவும் இருந்தால்' என்று எழுதினேன்.

நின்றது.
சரியாக எந்தத் தட்டில் என்று
இன்றும் தகராறு இருக்கிறது.

பாட்டு நிற்கவில்லை.
எங்களுக்கு யாரும்
அந்த வரியை எழுதியிருக்கவில்லை.

நாலு மணிக்கு மின்சாரம் வந்ததும்
காவலாளி பதறிப்போய் மணியை அழுத்தினார்.
ஏறிப்போயிருந்தது அதன் சுருதி.
டீச்சர் பதிவைப் போட்டு அளந்தார்.
அதே அறுபத்தொன்பதரைதான்.
இறங்கியிருந்தது நாங்கள்.