இங்கே சைபர்

எஞ்சின் ஓடாத நேரம்
முள் சைபரில் நிற்கும்.
வெள்ளவத்தையில் நிறுத்தினாலும் சைபர்,
நானுஓயாவில் நிறுத்தினாலும் சைபர்.

இல்ஹாம் டொக்டர் இதைத்தான் நம்பவில்லை.
"காத்து குறைஞ்சா முள்ளும் குறையணுமே, தங்கச்சி?"
குறையாது.
அது காற்றை அளக்கிற முள் இல்லை.
சுற்றி நிற்கும் காற்றைவிட
உள்ளே எவ்வளவு கூட என்று மட்டும் சொல்லும்.
கடற்கரைக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு
இந்த மலைக்கு ஏறி வரவே இல்லை.
முள்ளுக்கு அது தெரியாது.

வெள்ளை கிளான்ஸா, ஆயிரத்து முந்நூறு சீசீ.
தேத்தண்ணிக் கோப்பை அளவு டர்போ.
கொழும்பில் யாரோ புள்ளி எட்டில் வைத்துக்
கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.
ஞாயிற்றுக்கிழமை மலையேற்றப் பந்தயம்.
நுவரெலியா நெருங்க நெருங்க இழுவை செத்துப்போகிறதாம்,
திருகாணியை இன்னும் அரைச்சுற்று இறுக்கு என்கிறார்
கம்பளையில் பல் பிடுங்குகிறவர்.

இறுக்கலாம்.
வராத காற்றை ஈடுகட்ட
அந்தச் சின்னச் சக்கரம்
நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் சுற்று கூட ஓட வேண்டும் என்று
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன்.
அவர் கணக்கைப் பார்க்கவில்லை.
தலவாக்கலைப் பாலத்தை
மூடுபனி விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, ஓட்டிப் பார்ப்போம்.

ராதெல்ல ஏற்றம். மூன்றாம் கியர்.
முள் புள்ளி எட்டைத் தொட்டது,
நிற்கவில்லை.
ஒன்று.
ஒன்று புள்ளி ஒன்று.
பிறகு அந்தச் சத்தம்,
பால்மா டின்னுக்குள் பயறு போட்டுக் குலுக்கியதுபோல.
"காலை எடுங்க! காலை எடுங்க!"
எடுத்தார். வால்வு உஸ்ஸென்று துப்பியது.
கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் அத்தனை பேரும்
திரும்பிப் பார்த்தார்கள்.
கங்காணி மட்டும் திரும்பவில்லை.
அவர் கண் தராசு முள்ளில்.

"நேத்து நானே கால் சுற்று இறுக்கினேன்" என்றார் டொக்டர்,
ராத்திரி பல் தீட்டுவதில்லை என்று
அவரிடம் ஒப்புக்கொள்கிறவர்களின் குரலில்.

பொனட்டைத் திறந்தேன். சூடு முகத்தில் அறைந்தது.
சுண்டுவிரல் தடிப்புக்கூட இல்லாத ரப்பர் குழாய்.
அழுத்தம் இவ்வளவு ஏறிவிட்டது என்று
வேஸ்ட்கேட்டுக்குச் சேதி போக
இருக்கிற ஒரே வழி.
இறுக்கும்போது கை பட்டு இழுபட்டிருக்க வேண்டும்,
முனையில் மயிரிழை வெடிப்பு.
சேதி பாதியில் கசிந்து போயிருக்கிறது.
கதவைக் குறை சொல்ல முடியாது.
சொன்னால்தானே திறக்கும்.
உள்ளே எல்லாம் ஏறிக்கொண்டிருக்க
அது பாட்டுக்கு மூடி இருந்தது, நல்ல பிள்ளையாக.

அருளப்பன் தோஹாவிலிருந்து
வெள்ளிக்கிழமைகளில் எடுப்பான்.
"நல்லா இருக்கேன். நீ?"
"நல்லா இருக்கேன்."
எந்தக் காற்றில் நின்று சொல்கிறான் என்று
நான் கேட்டதில்லை.
அவனும்.

ஒரு சாண் புதுக்குழாய், இரண்டு கிளிப்.
திருகாணியைப் பின்னுக்கு எடுத்தேன்,
அவர் இறுக்கியதையும்
கொழும்புக்காரன் இறுக்கியதில் கொஞ்சத்தையும்.
"புள்ளி ஏழு. அதுக்கு மேல இல்ல."
"தோத்துருவேனே."
"திங்கக்கிழமை யாருக்காவது பல் பிடுங்க வேணாமா?"
சிரிக்கவில்லை. காசை எண்ணி வைத்தார்,
நூறு ரூபாய் கூட.

மறுபடி அதே ஏற்றம், அவர் தனியாக.
கராஜ் வாசலில் நின்று கேட்டேன்.
இழுத்தது, மூச்சு விட்டது, இழுத்தது.
பயறு இல்லை.

கிழிந்த குழாய் இன்னும் என் கையில் இருந்தது.
ஒரு முனையைப் பெருவிரலால் அடைத்து
மறுமுனையில் வாய் வைத்து ஊதினேன்.
எண்ணெய் ருசி.
கன்னத்தில் பட்டும் படாமலும்
ஊசிக் காற்று.

இன்று செவ்வாய்தான்.
அங்கே மணி இரண்டரை பிந்தி ஓடும்.