சுருக்கமான விடை தருக

அந்த வருடம் சிவராத்திரி சனியில் விழுந்தது.
விடிந்தால் ஞாயிறு. கோட்டை வாசலில் இருந்து
சுவாமிமலை உச்சி வரைக்கும்
விரதம் முடித்த ஊர்
சாப்பிட்டுப் போட்ட லஞ்ச் சீற்.

இடாப்பில் இருபத்தாறு பெயர்.
வந்தது பதினொன்று.
மற்றவர்களுக்குக் கணித ரியூசன்,
ஒருத்திக்குக் காய்ச்சல். அது உண்மையாகவும் இருக்கலாம்.

நான் கிழமை நாட்களில்
உட்துறைமுக வீதிப் பாமசியில் குளிசை எண்ணுகிறவள்.
ஞாயிறானால் வெள்ளைச் சேலை, அறநெறி ஆசிரியை.
இரவு முழுக்கக் கண்விழித்த தலை
கல்லாய்க் கனத்தது.

லண்டனில் இருக்கும் நலன்விரும்பி ஒருவர்
கையுறை அனுப்பியிருந்தார். நீல நிறம்,
பிள்ளைகளின் கைக்குப் பெரிசு.
பதாகையும் வந்தது. அதைப் பிடிக்க இரண்டு பேர் போக
குப்பை பொறுக்க ஒன்பது பேர்.

மான்கள் எங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தன.
பருக்கை ஒட்டிய தாள் ஒன்றை
ஒரு பிணைமான் அவசரமில்லாமல் உள்ளே இழுத்தது.
கேனுஜா ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தாள்.
கொஞ்சநேரம் இழுபறி.
"விடு, விடு, வயித்துக்கு ஆகாது" என்றாள்.
மான் விட்டது,
அவள் சொன்னதற்காக அல்ல,
தாள் கிழிந்ததால்.

"இதுதான் சரியை" என்றேன் நான்.
"சோதினைக்கு வரும். கோயில் கூட்டுதல், மெழுகுதல்,
பூவெடுத்தல், விளக்கிடுதல்.
நாலு படியில் முதற்படி.
உடம்பால் செய்யும் தொண்டு."
குனிந்தபடியே திருப்பிச் சொன்னார்கள்:
உடம்பால் செய்யும் தொண்டு.
கீழே கடல், பாறையில் அடித்துக்கொண்டு
தன்பாட்டில்.

மதுசாந் மட்டும் சொல்லவில்லை.
பத்தாம் ஆண்டு. மீசை வரப்பார்க்கிற முகம்.
யூரியாப் பையை முழங்காலில் முட்டுக்கொடுத்தபடி கேட்டான்:
"எங்கட அப்பா இதைத்தானே மிஸ்
ஒவ்வொரு நாளும் செய்யிறார்.
அதுக்கென்ன பேர்?"

சம்பளம் வாங்குகிறாரே என்றொரு பதில்
நாக்கு வரைக்கும் வந்தது.
ஐயரும்தானே வாங்குகிறார் என்பது
அதன் காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது.
இரண்டையும் விழுங்கினேன்.

ஒன்பதரைக்குச் சபை ட்ரக்டர் ஏறி வந்தது.
மட்காட்டில் இருந்து குதித்தவர் அவன் அப்பா.
வெறுங்கை.
எங்கள் பைகளை இரண்டிரண்டாய்த் தூக்கிப் பெட்டியில் போட்டார்.
மகனைப் பார்த்தார், பார்க்காதது போல.
அவன் கையுறையைக் கழற்றிக்
காற்சட்டைப் பைக்குள் திணித்தான்.

"தம்பி, கிளவுஸைப் போடும், படத்தில தெரியட்டும்."
போடவில்லை.
படம் இப்போதும் மண்டபச் சுவரில் இருக்கிறது:
இருபது நீலக் கைகள்,
இரண்டு வெறுங்கைகள்,
ஓரத்தில் யாருடையதோ போல
ஒரு முழங்கை.

அந்தக் கிழமையே ஊழியர் கழிவில்
தடித்த கையுறை இரண்டு சோடி வாங்கி
பத்திரகாளி கோயில் மூலையில் அவரை மறித்துக் கொடுத்தேன்.
"போட்டா பிடி வழுக்கும் பிள்ளை" என்று சிரித்தார்.
என்றாலும் வாங்கிக்கொண்டார், என் முகத்துக்காக.
பிறகொருநாள் கண்டேன்:
டீசல் ஒழுகும் குழாயைச் சுற்றி
அதிலொன்று கட்டியிருந்தது.
ஒழுகல் நின்றிருந்தது.

தவணைப் பரீட்சை. மூன்றாம் வினா.
சரியை என்றால் என்ன? சுருக்கமான விடை தருக.
புள்ளி இரண்டு.
இருபத்திரண்டு பேர் எழுதியிருந்தார்கள்,
மலைக்கு வராதவர்களும்,
என் வசனத்தை, ஒரு எழுத்துப் பிசகாமல்.
மதுசாந் எழுதியது:
விடிய நாலு மணி.

கொழும்பிலிருந்து வந்த விடைத்திட்டத்தை
இரண்டு தரம் புரட்டிவிட்டேன்.
அப்படியொரு விடை அதில் இல்லை.
பிழை என்று போடவும் கை வரவில்லை.
மற்றத் தாள்கள் எல்லாம் திருத்தியாயிற்று.
இது மட்டும் இடாப்புக்குள் மடித்தபடி,
சிவப்புப் பேனை மூடியோடு.

நாளைக்கு ஞாயிறு.