ஆறுக்கு ஆறு

டிசம்பர் முதல் ஞாயிறு.
ஏரிக்காற்று சலவை அறைக் கண்ணாடியில்
பனியை அப்பிவிட்டுப் போகிறது.
நூற்றுப் பதினோரு சட்டைகளோடு நிற்கிறேன்.
துவைத்துப் பையில் கட்டவா,
அந்துருண்டை போட்டுப் பெட்டியில் அடைக்கவா?
மாடியில் தொலைபேசி முன்னால் லொரெட்டா.
அவளுக்கும் தெரியாது.

ஆறு வென்றோம், ஆறு தோற்றோம்.
ஆறு வென்றவன் வாசல்வரை வரலாம் என்கிறது விதி.
உள்ளே விடுவார்கள் என்று
எங்கும் எழுதவில்லை.

ஒஹாயோவின் இந்த மூலையில்
சனிக்கிழமை எங்களுடையதல்ல.
பெரிய கல்லூரிகள் தின்று முடித்த வாரத்தில்
தொலைக்காட்சிக்காரன் எங்களுக்கு ஒதுக்கியது
நவம்பரின் செவ்வாய் இரவுகள்:
உறைந்த புல்,
ஊதுபவன் உதடு பித்தளையில் ஒட்டிக்கொள்ளும் குளிர்,
விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கூட்டம்.
செப்டம்பரில் படைக்கு முந்தினோம்.
எண்பதாயிரம் பேர் கூச்சலிடும் அரங்கத்துக்குப் போய்
காசோலைக்காக அடிவாங்கி வந்தோம்.
அந்தக் காசில் வாங்கியதுதான் இந்தச் சலவை இயந்திரம்.
இப்போது பந்தியில்
கடைசி இலைக்கும் பின்னால் நிற்கிறோம்.

மேலே எங்கோ பொருத்தம் பார்க்கிறார்கள்.
ராசி, நட்சத்திரம் இல்லை.
எத்தனை ரசிகர் விமானம் ஏறுவார்கள்,
ஓட்டலில் எத்தனை அறை நிறையும்,
போன வருஷம் வந்த அதே முகமா.
எங்கள் கூட்டமைப்புக்கு ஒப்பந்தத்தில் ஐந்து இடம்.
தகுதி பெற்றவர்கள் ஏழு பேர்.
பெரிய வீட்டில் ஆள் குறைந்தால்
மிச்சமிருப்பவனைக் கூப்பிடுவார்கள்,
குறைந்தால்.

கிண்ணம் என்கிறார்கள் இந்த ஆட்டங்களை.
அரங்கத்தின் வடிவமாம்.
எனக்கென்னவோ
கையில் ஏந்துகிற கிண்ணம்தான் தோன்றுகிறது.

மூன்று மணிக்குத் தீவு போனது.
நாலரைக்குப் பாலைவன ஊர் போனது.
ஐந்து மணிக்கு எஸ்ரா யோடர் இறங்கி வந்தான்.
கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்து
பந்தைப் பின்னால் எறிகிறவன்.
நாலு வருஷமாக அது ஒன்றுதான் வேலை.
தப்பாக எறிந்தால் மட்டுமே
ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்லும்.
இதுவரை சொன்னதில்லை.
"டெல்மர், ஹெல்மெட்டைத் திருப்பித் தரணுமா?"
கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.
"வெச்சிரு" என்றேன்.
எந்த அதிகாரத்தில் சொன்னேனோ.

ஏழு மணிக்குப் பட்டியல் முடிந்தது.
அந்துருண்டையைக் கொட்டினேன்,
பெட்டிக்கு ஒரு கைப்பிடி.
நாடா ஒட்டினேன்.

ஒன்பதே காலுக்குப் படியில்
ஒற்றைச் செருப்போடு லொரெட்டா.
ஒரு பெரிய கல்லூரி வரமாட்டேன் என்றுவிட்டதாம்.
பயிற்சியாளர் அதிகச் சம்பளத்துக்குத் தாவிவிட்டார்,
பாதிப் பையன்கள் கல்லூரி மாறுகிறார்கள்,
ஆட ஆளில்லை.
"அலபாமா. புல்வெட்டி விற்கிற கம்பெனி நடத்துறது.
நாலாயிரம் டிக்கெட்டை நாமே வாங்கணும்."
"எத்தனை விற்கும்?"
"அறுநூறு. உன் மச்சானையும் சேர்த்து."
அப்புறம் படியிலேயே உட்கார்ந்து
கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் சிரித்தாள்,
எது முதலில் என்று நான் பார்க்கவில்லை.
நாடாவைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று முறை துவைத்தும் வாசம் போகவில்லை.

பதினேழாம் தேதி, அலபாமா, லேசான தூறல்.
அரங்கில் நாற்காலிகள்தான் அதிகம்.
வரிசையில் எதிரே குனிந்த முரடன் ஒருவன்
எங்கள் பையனின் தோளருகே மூக்கைச் சுளித்து
பெரிதாக ஒரு தும்மல் போட்டான்.
நடுவர் விசில் ஊதுவதா என்று யோசித்தார்.

யார் ஜெயித்தார்கள் என்பது
எங்காவது கிடைக்கும், தேடிக்கொள்ளுங்கள்.
நான் எண்ணியது வேறு.
எஸ்ரா ஒன்பது முறை குனிந்தான்,
ஒன்பது முறை எறிந்தான்.
ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்லவேயில்லை.