கலங்கல்

டர்பைன் அறையில் என் மேசைக்கு மேல்
ஒரு ஜாம் போத்தல்.
காலை ஆறு மணிக்கு ஆற்றில் முக்கி எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.
கம்பெனி தந்த கருவி
எண்ணாகச் சொல்லும்.
போத்தல் எனக்குப் புரியும்படி சொல்லும்.

போன ஆனியில் அது தேநீர் நிறம்.
பால் ஊற்றிய தேநீர்.
எட்டாம் நம்பர் மலையின் மண்
போத்தலுக்குள் அரை அங்குலம் உட்கார்ந்தது.
சக்கரத்தின் இதழ்களை மணல் தின்றது,
எலி ரொட்டி தின்பதைப் போல
ஓரத்திலிருந்து.
மாற்றுச் சக்கரம் முப்பத்தெட்டு லட்சம்.
மின்சார சபைக்கு விற்காமல் போன
பத்தொன்பது நாள் கணக்கு தனி.

கொழும்பிலிருந்து ஷெஹானி மிஸ் வந்தார்,
கணக்குப் பிரிவு.
வெள்ளைச் சப்பாத்து.
அட்டை கடித்த கணுக்காலில் உப்புத் தடவிக்கொண்டே கேட்டார்:
இந்த மண் எங்கேயிருந்து வருது?

கையைக் காட்டினேன்.
காட்டிய பிறகுதான் தெரிந்தது
விரல் நின்ற இடம்
தங்கச்சி தவராணியின் லீக்ஸ் பாத்தி.
ஆற்றோரம், லயத்துக்குப் பின்னால்,
இரண்டு பேர்ச்சஸ் இருக்கும்.
சம்பளம் பத்தாம் தேதியோடு படுத்துவிடும்;
மிச்ச மாதத்தை இழுத்தது அதுதான்.

மிஸ் கோபிக்கவில்லை.
பாறையில் உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டார்.
கரையில் பயிர் வைக்காமலிருக்க,
மானாப்புல்லும் மூங்கிலும் நட்டுப் பார்த்துக்கொள்ள
குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு.
பதினொரு குடும்பம். பத்து வருடம்.
சக்கரத்தைவிட மலிவு, என்றார்.
கரைக்கு ஒருவர் விலை சொல்லி
அன்றுதான் கேட்டேன்.
சந்தோஷமா, அவமானமா,
இன்னும் பிரித்தறியவில்லை.

படிவம் மூன்று மொழியில் வந்தது.
நான்காம் கட்டம்: நில உரிமையாளர்.
தவராணி பேனாவைப் பிடித்தபடி
என்னைப் பார்த்தாள்.
நிலம் அரசாங்கத்தினுடையது.
குத்தகை தோட்டக் கம்பெனியினுடையது.
படுக்கிற காம்பராவும் எங்கள் பேரில் இல்லை.
அந்த மண்ணில் எங்களுடையது
லீக்ஸ் மட்டும்.
அதைத்தான் பிடுங்கச் சொல்கிறார்கள்.
கட்டத்தை வெறுமையாக விட்டு
கையெழுத்துப் போட்டாள்.

படிவம் திரும்பி வந்தது: முழுமையற்றது.
மறுபடி போனது. மறுபடி வந்தது.
தோட்டக் கந்தோரில்,
எங்க கணக்குக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள்.
பிறகு என்பது பஸ் போகாத ஊர்.

இதற்குள் சித்திரை முடிந்தது.
லீக்ஸை விற்ற தவராணி
மறுபடி நாற்று வாங்கவில்லை.
ஏன் என்றேன்.
"சொல்லிட்டோமில்ல."
கொந்தரப்பு முடிந்த அந்திகளில் புல் நட்டார்கள்,
ஒன்பது வீட்டுக்காரர்கள்.
காசைக் கண்ட பிறகு என்றன மற்ற இரண்டு வீடும்.
அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
நான் மாதச் சம்பளக்காரன்.

இந்த ஆனியும் கொட்டியது.
தகரத்தின் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத
மூன்று ராத்திரி.
காலையில் போத்தலை முக்கினேன்.
கண்ணாடி என்று பொய் சொல்ல மாட்டேன்.
இரண்டாம் தரம் ஊற்றிய சாயம்,
அடியில் நகக்கண் அளவு மணல்.
சக்கரம் நிற்கவில்லை.
கொழும்பில் யாரோ
மின்விசிறியைத் தட்டிவிட்டுப் படுத்திருப்பார்கள்.

என் பதிவேட்டில் ஐந்து கட்டம்:
தேதி, மட்டம், கலங்கல், அலகு, குறிப்பு.
குறிப்பில் 'இல்லை' என்று எழுதுவது வழக்கம்.
அன்றைக்கு எழுதினேன்:
தவராணிக்குப் பணம் வரவில்லை.
மறுநாளும்.
நூற்றிநாலு நாளாக எழுதுகிறேன்.
மாதக் கடைசியில் தாள் கொழும்புக்குப் போகும்.
மற்ற கட்டங்களை அங்கே கூட்டிப் பார்ப்பார்கள்.
குறிப்பைக் கூட்ட முடியாது,
வாசிக்கத்தான் வேண்டும்.

நேற்று மிஸ் போன் எடுத்தார்.
நான்காம் கட்டத்தை மாற்ற மேலே கேட்டிருக்கிறாராம்.
தட்டுத்தடுமாறும் தமிழில்,
'உரிமையாளர்'க்குப் பதிலா என்ன போடலாம், என்றார்.

போனைத் தவராணியிடம் நீட்டினேன்.
இடுப்புயரப் புல்லில் நின்றவள்
கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.
கேள்வியை முழுக்கக் கேட்டாள்.

"மொதல்ல காசப் போடுங்க மிஸ்."