பதினொன்றாம் விதி

தார்த்து நகரில் நவம்பர்.
மாலை மூன்றரைக்கே இருட்டு.
நூலகத்துக்குப் பின்னால் ஒரு காபிக்கடையில்
ஈரக் கையுறைகளை ஹீட்டர்மேல் காயப் போட்டுவிட்டு
நான்கு பேர் சட்டம் இயற்ற உட்கார்ந்தோம்.

எங்களுக்கு நாடு ஒன்றும் இல்லை.
பதினான்கு அத்தியாயத்தோடு நிறுத்திவிட்ட ஒரு தொடர்,
மூன்றாம் நிலவில் கடிதம் சுமந்து திரியும் தபால்காரர்கள்,
அவர்களை மறக்க மறுக்கும் இருநூற்றுப் பதினேழு பேர்.
வாரம் ஒரு படம். படத்துக்கு ஒரு வரி.
அவ்வளவுதான் ராஜ்ஜியம்.

பன்னிரண்டு சொல்லுக்கு மேல் கூடாது:
இதிலாவது சண்டை வராது என்று நினைத்திருந்தேன்.
"சேர்த்து எழுதினால் ஒன்றா, இரண்டா?" என்றாள் விர்வே.
எங்கள் எஸ்தோனிய மொழியில்
சொல்லோடு சொல்லைக் கோத்துக்கொண்டே போகலாம்,
சரக்கு ரயில் மாதிரி.
அதற்கே ஒரு மணி நேரம், இரண்டு சுற்றுக் காபி.

நடிகரின் தொப்பையைத் தொடக் கூடாது.
ஓட்டு முடியும்வரை எழுதியவர் பெயர் தெரியக் கூடாது.
சமமாக வந்தால் இருவருமே வென்றவர்கள்;
மறுபடி ஓட்டுக்கு விட்டு
நட்பை முறிக்க வேண்டாம்.

கீழ்நோக்கிய கட்டைவிரலும் வேண்டும் என்றாள் இம்பி.
"பிடிக்கவில்லை என்பதும் கருத்துதானே?"
"எனக்கு அது ஒன்றுதான் விழும்"
என்று சிரித்தான் தாவெத்.
யாரும் மறுக்கவில்லை.
மறுத்திருக்கலாம்.

லிஃப்ட் பழுது பார்ப்பவன் தாவெத்.
அவன் வரிகள் யாரையும் சிரிக்க வைப்பதில்லை.
தலைமைத் தபால்காரர் அவித்த முட்டையையே
வெறித்துப் பார்க்கும் படம் வந்த வாரம்
எல்லோரும் கோழியை வைத்து விளையாடினார்கள்.
அவன் எழுதியது:
"இன்றும் எனக்கென்று ஒன்றும் வரவில்லை."

அதற்கு விழுந்தது ஒரு ஓட்டு.
எந்த வாரமும் ஒன்றுதான்.
அந்த ஒன்று யாருடையது என்று
எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைத்தோம்.

ஆகவே ஏழாம் விதி:
தன் வரிக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது.
விர்வே கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னாள்.
முதலில் கை தூக்கியது தாவெத்.
கடைசியில் இம்பி.

ஒன்பது வரியில் நிரல் எழுதி ஏற்றினேன்.
ஞாயிறு நள்ளிரவு எண்ணி முடித்தது இயந்திரம்.
தாவெத்: ஒன்று.

பதிவேட்டைத் திறந்திருக்கக் கூடாது.
எனக்கு மட்டும் இருந்த சாவி அது.
திறந்தேன்.
நாற்பத்தொரு வாரம்.
ஒரே கை.
"இதெல்லாம் ஒரு வரியா" என்று
அவன் முகத்துக்கு நேரே கேட்கிற,
கீழ்நோக்கிய கட்டைவிரலுக்காக
எங்களோடு மல்லுக்கு நின்ற
இம்பியின் கை.

ரேடியேட்டர் குழாயில் தண்ணீர் தட்டித் தட்டி ஓடியது.
பிறர் கடிதத்தைப் பிரித்துவிட்ட
தபால்காரியாக உட்கார்ந்திருந்தேன்.

பதிவேட்டை அழித்தேன்.
இனி எதுவும் சேராதபடி வழியையும் அடைத்தேன்.
எட்டும் ஒன்பதும் பத்தும் படத்தின் அளவு,
கெடு நேரம், கெட்ட வார்த்தை பற்றியவை.
அவற்றுக்கு அடியில் சேர்த்தேன்:
எண்ணுகிறவளும் அறியக் கூடாது.

"எதற்கு இது?" என்றாள் விர்வே.
"இடம் மிச்சமாகும்" என்றேன்.
இம்பி தன் கையுறையைப் புரட்டிப் போட்டாள்.
அது எப்போதோ காய்ந்திருந்தது.

அடுத்த வாரப் படத்தில்
பனிப்புயலுக்கு நடுவே ஒரு தபால் பெட்டி, வாய் திறந்தபடி.
அவன் வரி எதுவென்று பெயரில்லாமலே தெரிந்தது.
இதற்கு முன்பும் பிடித்ததுண்டு;
வெல்லப்போவதற்கே போட்டுப் பழகிய விரல் எனக்கு.
இந்த முறை அழுத்தினேன்.

திங்கள் காலை தாவெத்தின் அழைப்பு.
பின்னணியில் லிஃப்ட் கதவு மூடித் திறக்கும் சத்தம்.
"கெர்ட்டு, நிரலில் ஏதோ பிழை.
எனக்கு இரண்டு காட்டுகிறது."

பார்த்துவிட்டேன், பிழை இல்லை என்றேன்.

"எப்படிப் பார்த்தாய்?" என்றான்.
"பதிவேடே இல்லையே."