எந்த பில்டிங்?

ஆகஸ்ட் மஸ்கட்டில்
ஏசி மெக்கானிக் படுக்கக் கூடாது.
ஹம்ரியா சந்து முழுக்க
ஏதாவதொரு பெட்டி இருமிக்கொண்டே இருக்கிறது.
நாற்பத்தொரு நாளாக இவர்
தரையில் பலகை போட்டு, மல்லாக்க.
நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே
ஏதோ பிதுங்கியிருக்கிறதாம்.

போனை நான்தான் எடுக்கிறேன்.
"சைட்ல இருக்காங்க. நாளைக்கு வருவாங்க."
சொல்லிச் சொல்லி
நாளைக்கு என்பதே தேய்ந்துவிட்டது.

வாதி கபீர் டீச்சர் மட்டும் விடவில்லை.
போனை ஏசியருகே பிடித்துக்கொண்டு
"கேளுங்க சதக் பாய்" என்றார்.
இவர் கண்ணை மூடிக்கொண்டார்.
"கம்ப்ரஸர் இல்லம்மா, கெப்பாசிட்டர்.
மூணு ரியால் சாமான்.
பத்து கேட்டா குடுக்காதீங்க."

வைத்ததும் சண்டை பிடித்தேன்.
அர்பாபுக்கு மாசம் முப்பது.
ஓடாத வண்டிக்கும் தவணை.
ஃபீஸ் கட்டாதவர்கள் என்று
ஷிஃபாவை எழுப்பி நிறுத்தினார்களாம், வகுப்பில்.
காதுக்குக் கூலி கிடையாதா?
"கேட்டதுக்கு எப்படிக் காசு வாங்குறது"
என்றார் கூரையிடம்.

அன்றிரவே எங்கள் ஜன்னல் ஏசி நின்றது.
அட்டையால் பிள்ளைக்கு விசிறினேன்.
ஒரு மணி, ஒன்றரை.
"ஸ்டூலப் போடு" என்றார் இருட்டிலிருந்து.

அவர் கைபட்டு வழுவழுத்த ஸ்க்ரூடிரைவர்
என் பிடியில் வழுக்கியது.
"மெயின ஆஃப் பண்ணியா?
அந்த உருளையத் தொடாதே.
மெயின் போனாலும் கொஞ்ச நேரம்
உள்ள கரண்ட் நிக்கும் அதுல."
டார்ச்சைப் பிடித்திருந்த ஷிஃபா
தூங்கித் தூங்கி விழுந்தாள்;
வெளிச்சம் சுவரெல்லாம் அலைந்தது.

காலையில் போன்.
நாளைக்கு என்று சொல்ல வாயெடுத்து
எந்த பில்டிங் என்று கேட்டேன்.